கவர், பேப்பர் கப், பாலாறு: பிளாஸ்டிக் தடை வேலூரில் யாருக்கு என்ன சொல்கிறது?

போன வாரம் நேதாஜி மார்க்கெட்டில் அரைக் கிலோ முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினேன். பை எடுத்துப் போக மறந்துவிட்டேன். கடைக்கார அம்மா எடை போட்ட கையோடு ஒரு கவரில் கொட்டிக் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் காம்பில் இருந்த முள் கவரை நாலு இடத்தில் கிழித்துவிட்டது. "பரவாயில்ல, மக்காத குப்பையில போட்டா மறுசுழற்சிக்குப் போயிடும்" என்றார்கள் வீட்டில்.

போகாது. அந்தக் கவர் எங்கேயும் போகாது என்பதை முதலில் சொல்லிவிட்டால்தான் தமிழ்நாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தடை எதற்காக என்பது புரியும்.

காகிதப்பட்டறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு காயலான் கடை இருக்கிறது. வாசலில் தண்ணீர் பாட்டில்கள் ஒரு மூட்டை, பால் கவர் ஒரு மூட்டை, உடைந்த குடம், பக்கெட் தனியாக ஒரு குவியல். ஒரு பையன் உட்கார்ந்து பாட்டில் மூடியைக் கழற்றி வேறு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் ஒரு ரகம், மூடி இன்னொரு ரகம், மேலே சுற்றியிருக்கும் லேபிள் மூன்றாவது ரகம். மூன்றையும் சேர்த்து உருக்கினால் எதற்கும் உதவாது. கடைக்காரரிடம், கடையில் கொடுக்கும் கேரி பேக்கை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "அத எடுத்து நான் இன்னாண்ணா பண்றது? ஒரு சாக்கு ரொப்பினாலும் எடை நிக்காது. குழம்பு, எண்ணெ ஒட்டினு இருக்கும். கழுவுற தண்ணிக்கே கட்டாது" என்றார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுசுழற்சியின் எல்லை அவர் சொன்னதிலேயே இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கோடு அலுமினியப் பூச்சும் ஒட்டியிருக்கும், அதைப் பிரிக்க முடியாது. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான், லாரி வாடகைக்குக்கூடத் தேறாது. நல்ல தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மறுபடி பாட்டிலாக வருவதில்லை, பாலியஸ்டர் நூலாகிறது. அந்த நூல் துணி கிழிந்தால் அதோடு சரி. பிளாஸ்டிக்கை ஒவ்வொரு முறை உருக்கும்போதும் தரம் ஒரு படி இறங்கும். இரும்பு மாதிரி திரும்பத் திரும்ப உருக்கி அதே பொருளாக எடுக்க முடியாது.

உலகக் கணக்கும் இதையேதான் காட்டுகிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஓர் அரசாணை போட்டது. 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைச் செய்யவோ, சேமித்து வைக்கவோ, கொண்டுபோகவோ, விற்கவோ, பயன்படுத்தவோ கூடாது. கேரி பேக் எந்த அளவாக இருந்தாலும், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டும் கப்பும், பிளாஸ்டிக் டீ கப், டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதத் தட்டு, காகித கப், பூச்சுள்ள பை, துணி மாதிரியே தெரியும் நான்-ஓவன் பை ஆகியவையும் இதில் சேரும். பால், எண்ணெய், மருந்து அடைத்து வரும் பாக்கெட்டுகளுக்கு ஆணையில் விலக்கு உண்டு.

இந்த 14-ஐயும் காயலான் கடைக்காரரிடம் காட்டினால் அநேகமாக ஒன்றைக்கூட எடுக்கமாட்டார். பட்டியலின் பொதுத்தன்மையே அதுதான். திரும்ப எடுக்க முடிந்ததைத் தரம் பிரிக்கச் சொல்கிறார்கள், எடுக்க முடியாததை வாங்காதே, கொடுக்காதே என்கிறார்கள்.

பட்டியலில் மக்கள் அதிகம் நம்ப மறுப்பது பேப்பர் கப்பைத்தான். "காகிதம்தானே சார், மக்கிடுமே" என்று டீக்கடையில் என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். காலையில் காகிதம் கூழாகிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு மட்டும் முழு கப் வடிவத்தில் அப்படியே நின்றது. சூடான டீ காகிதத்தை நனைக்காமல் தாங்குவதே அந்தச் சவ்வுதான். கப் தயாரிப்பாளர்கள் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்-ஓவன் பை விஷயத்தை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி பரிசீலிக்கட்டும் என்றது.

இன்னொரு குழப்பம் மைக்ரான், அதாவது பிளாஸ்டிக்கின் தடிமனைச் சொல்லும் அளவு. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கச் சில பொருட்களைத் தடை செய்தது: பிளாஸ்டிக் குச்சி வைத்த காது குடையும் பட்ஸ், பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் ஸ்பூன், தட்டு, ஸ்வீட் பாக்ஸ் மேல் சுற்றும் தாள், 100 மைக்ரானுக்குக் குறைந்த பேனர் இப்படி. கேரி பேக் மட்டும் 120 மைக்ரானுக்குக் குறையாமல் இருந்தால் மத்திய விதி அனுமதிக்கிறது. "இது 120 மைக்ரான், கவர்மெண்ட் அனுமதி இருக்கு" என்று சொல்லி மொத்த வியாபாரி நம் கடைக்காரர் தலையில் கட்டுவது இந்த வரியை வைத்துத்தான். தமிழ்நாட்டு ஆணையில் மைக்ரான் கணக்கே கிடையாது. சித்தூர் சாலை வழியாக ஆந்திராவிலிருந்து வந்த கவராக இருந்தாலும் காட்பாடிக்குள் நுழைந்தால் தடை செய்த பொருள்தான். மாட்டிக்கொள்வது வாங்கி வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர். அதனால் கடை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள்.

"மக்கும் கவர்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்து வருவதும் உண்டு. உண்மையிலேயே மக்கும் ரகத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் கவர் மேல் வெறும் "இயற்கைக்கு உகந்தது" என்று எழுதியிருந்தால் போதாது. ஐஎஸ் 17088 தரக்குறியீடு இருக்கிறதா, தயாரித்தவருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும்கூட உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில்தான் மக்கும், சாக்கடையில் அல்ல.

அபராதம் படி படியாக இருக்கிறது. சேமித்து வைத்து விற்பவருக்கும் கொண்டுபோகிறவருக்கும் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்து 50,000, மூன்றாவது 1 லட்சம். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய கடைகளுக்கு 10,000-இல் தொடங்கும். மளிகைக்கடை, மருந்துக்கடைக்கு 1,000. பூக்காரி, தள்ளுவண்டிக்காரர் போன்ற சிறு வியாபாரிகளுக்கு 100, அப்புறம் 200, 500. 2019-இல் வந்த இந்தக் கணக்கைப் பார்த்தாலே சட்டம் யாரைக் குறி வைக்கிறது என்பது தெரியும். பூக்காரி கூடையில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கிடங்கை விட்டுவிட்டு வந்தால் அது இந்த விதியின் நோக்கமே அல்ல.

ஷாம்பு, பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு வேறொரு விதி. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, பாக்கெட் போட்டு விற்கும் நிறுவனமே அந்தக் குப்பைக்குப் பொறுப்பு என்று வழிமுறை வகுத்தது. 'உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு' என்று பெயர். எவ்வளவு பிளாஸ்டிக்கை அந்த நிறுவனம் சந்தையில் இறக்குகிறதோ அந்த அளவைத் திரும்பச் சேகரித்துக் கணக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு கட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்குப் பாக்கெட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு மறுசுழற்சி ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2024-25-இல் 30 சதவீதம். 2027-28-இல்தான் 60 ஆகிறது. மறுசுழற்சி செய்ய முடியாத மீதி சாலை போடவும், எரித்து மின்சாரம் எடுக்கவும் போகலாம். தாரோடு பிளாஸ்டிக்கைக் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். பயனுள்ள கண்டுபிடிப்பு. இருந்தாலும் சாலைக்குள் போனது மறுபடி பாக்கெட்டாக வராது, புதுப் பாக்கெட் புதிதாகத்தான் செய்யப்படும்.

பிளாஸ்டிக் கடலில் போய்ச் சேர்கிறது என்றால், வேலூரில் கடல் இல்லையே, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே பாருங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல், கருவேல முள். நிக்கல்சன் கால்வாயில் ஊர்க் குப்பை மிதந்து ஆற்றுக்கு வரும். மணலில் வந்து படிந்த குப்பை வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து வெயிலில் நொறுங்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு நான் ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். முள்மரக் கிளைகளில் ஆள் உயரத்துக்கு மேலே கவர்கள் கந்தலாகத் தொங்கின. மரத்தில் சிக்கியது அவ்வளவு என்றால், சிக்காமல் போனது எவ்வளவு இருக்கும்? ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டி வாயலூரில் பாலாறு கடலில் சேர்கிறது. அந்தக் கடற்கரைக்குத்தான் முட்டையிடப் பங்குனி ஆமைகள் வருகின்றன. நீரில் மிதக்கும் கவரைச் சொறி மீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமைகள் விழுங்குகின்றன.

கடலுக்குள் ஆறுகள் கொண்டுபோகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போகிறது என்று 2021-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் நகரங்கள் வழியாக ஓடும் சின்ன ஆறுகள் நிறைய. கடலில் போய் அதை அள்ளுவது மிகக் கடினம். வெயிலும் அலையும் கவரைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக உடைத்துவிடும், அதை எந்த வலை வைத்துப் பிடிப்பது? நிறுத்த முடிந்த இடம் கடையும் வீடும்தான்.

இனி, நம்மால் கேட்க முடிந்தவை. ஓட்டலில் பார்சல் வாங்க சொந்தத் தூக்கு வாளி கொண்டுபோகலாம். அதில் கொடுக்க மறுத்தால், சூடான சாம்பாரைக் கவரில் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 2021 டிசம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தில் வைத்த இயந்திரங்களில் 10 ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை வரும். பிளாஸ்டிக் இல்லாமல் நடக்கும் பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு மஞ்சப்பை விருது உண்டு. முதல் பரிசு 10 லட்சம், அடுத்து 5 லட்சம், 3 லட்சம். விண்ணப்பத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி விண்ணப்பித்திருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

தடை செய்த பொருளை மூட்டையாக வைத்து விற்கும் இடம் தெரிந்தால் மாநகராட்சி அலுவலகத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ எழுதிக் கொடுக்கலாம். மத்திய வாரியத்தின் புகார் செயலியில் படத்தோடு அனுப்பலாம். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். "ஊரெல்லாம் பிளாஸ்டிக்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தத் தெரு, எந்தக் கிடங்கு, என்ன பொருள், எந்த நேரத்தில் வண்டி வந்து இறக்குகிறது, இவற்றை எழுதுங்கள். கையோடு மனு எண் போட்ட ரசீதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திங்கட்கிழமை போய் என்ன ஆயிற்று என்று கேட்க அந்த எண் வேண்டும்.