4,900 மீட்டர் என்ற எண்ணும் நனைந்த சட்டையும்

பினாங்கிலிருந்து கினபாலு மலைக்கும் நேப்பாளத்துக்கும் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் என் கைப்பேசிக்கு வருபவை பெரும்பாலும் வானிலைப் படங்கள்தாம். மலைகளுக்கான முன்னறிவிப்பில், நாள்தோறும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று காட்டும் வரிசையோடு மீட்டர் கணக்கில் இன்னொரு வரிசையும் இருக்கும். அதுவே உறைமட்டம், அதாவது காற்றின் வெப்பநிலை சுழியம் டிகிரி செல்சியஸாகும் உயரம். இந்த வரிசையைத் தனியாகப் படிப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒருமுறை, தாவரவியல் பூங்கா வாசலில் தொடங்கும் ஜீப் சாலை வழியாகக் கொடிமலைக்கு ஏறி இறங்கிய பயிற்சி நடைக்குப் பிறகு, தண்ணீர்மலை அடிவாரத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். குழுவிலிருந்த தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டி, “அண்ணே, அடுத்த வாரம் முழுக்க உறைமட்டம் 4,900 என்று காட்டுகிறது. கினபாலுச் சிகரமே 4,095 மீட்டர்தானே, பிறகு கையுறை எதற்கு?” என்று கேட்டார். கணக்கில் அவர் தவறவில்லை. 1,000 மீட்டர் கீழிறங்கினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி சூடாகும் என்பதால், உறைமட்டத்துக்கு 800 மீட்டர் கீழேயுள்ள சிகரத்தில் ஏறக்குறைய 5 டிகிரி இருக்கும், பனி பெய்யாது. ஆனால் அது வெப்பமானிக்கு உரிய கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அந்த 5 டிகிரி உலர்ந்த தோலுக்கே சுழியம் டிகிரியைப் போல் உறைக்கும். நனைந்த பருத்திச் சட்டைக்குள் இருப்பவரின் நிலை அதைவிட மோசம்.

கினபாலுவில் முதல் நாள் நடை, 1,866 மீட்டரிலுள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து இரவு தங்கும் இடமான, 3,272 மீட்டரிலுள்ள பனாலாபான் வரை செல்கிறது. பிற்பகல் மழை கொட்டுவது அந்த நடையின்போதுதான். அந்த உயரத்து ஈரக்காற்றில் இரவுக்குள் துணி உலராது. மறுநாள் அதிகாலை இரண்டரை மணி வாக்கில் சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும். அந்தத் தம்பி முதல் நாள் நனைந்த அதே சட்டைமீது மழையங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டதை நான் கவனிக்கவில்லை. புறப்படும் முன் ஒவ்வொருவரின் உடையையும் தொட்டுப் பார்க்காதது என் பிழை. 3,668 மீட்டரிலுள்ள சாயாட் சாயாட் சோதனைச் சாவடியில் அவரால் பையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவருவதன் அறிகுறிகள் இவை. உடனே உலர்ந்த உடை மாற்றி, மலை வழிகாட்டியுடன் அவரைக் கீழே அனுப்பிவைத்தோம். அன்றும் உறைமட்டம் 4,900 மீட்டரை ஒட்டியே இருந்தது.

ஆகவே, கினபாலுவுக்குச் செல்வோர் முதலில் பார்க்க வேண்டியவை முதல் நாளின் பிற்பகல் மழையும் அன்றிரவின் காற்று வேகமும்தாம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் உறைமட்டம் ஆண்டு முழுவதும் 5,000 மீட்டரை ஒட்டிச் சிறிதளவே ஏறி இறங்கும். ஜார்ஜ்டவுனில் நம் தலைக்கு மேலும் அதே உயரத்தில்தான் அது இருக்கிறது. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். வறண்ட, மேகமற்ற சில இரவுகளில் பாறை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், சிகரத்துப் பாறைக்குழிகளில் தேங்கிய நீர் விடியலில் உறைந்து கிடப்பதுண்டு. உறைமட்டம் மேலே இருக்கும்போதே இது நிகழும்.

இமயமலையில் நிலைமை வேறு. அங்கே உறைமட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுவதோடு, ஒரே வாரத்திலும் பல நூறு மீட்டர் இறங்கக்கூடும். கனமழையின்போது மேலிருந்து விழும் பனி, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால், காற்று குளிர்ந்து உறைமட்டம் மேலும் தாழும். பனி உடனே உருகிவிடுவதும் இல்லை. உறைமட்டத்துக்கு இருநூறு, முந்நூறு மீட்டர் கீழேயும் அதைக் காணலாம். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம், இரண்டு நாள் கழித்து நேப்பாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பெரும்பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்டோபர் என்பது வானம் தெளிந்திருக்கும் மாதம் என்று நம்பியே எல்லாரும் போகிறார்கள்; தீபாவளி விடுமுறையை ஒட்டி நம்மவர்களும் அந்த மாதத்தையே கேட்கிறார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை உருவாகியிருக்கிறதா என்று பாராமல் நான் எந்தக் குழுவையும் அந்தக் கணவாய்க்குக் கிளப்புவதில்லை.

ஏழு நாள் முன்னறிவிப்பின் முதல் மூன்று நாள்களை நான் பெரிதும் நம்புகிறேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வருவதை ஒரு போக்காக மட்டுமே கொள்கிறேன். கணினி மாதிரிகள் மலைமுகடுகளை மழுக்கியே கணக்கிடுவதால், மழையளவைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதும் இல்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில், கணவாயைக் கடக்கவேண்டிய நாளுக்கான உறைமட்டத்தையும் மழையையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். உறைமட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டும் மழையளவு ஏறிக்கொண்டும் வந்தால், கணவாய்க்கு முந்தைய ஊரிலேயே தங்கிவிடுகிறோம். அந்தக் கூடுதல் இரவுகளுக்கான செலவைப் பயணக் கட்டணத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறேன்.