பொசிவுச் சோதனை

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைச் சரிவில் நண்பர் பத்து சென்ட் நிலம் பார்த்து வைத்திருந்தார். பாதாளச் சாக்கடை எட்டாத இடம். செப்டிக் டேங்க்தான் கதி. நிலம் அதற்குத் தோதுப்படுமா என்று பார்க்க 'பெர்கொலேஷன் டெஸ்ட்' எடுக்கச் சொன்னார் பொறியாளர். அவர் கொடுத்த படிவத்தில் அதற்குத் தமிழ், 'ஊடுருவல் சோதனை'. எனக்கு அந்தச் சொல்லோடுதான் வழக்கு.

முதலில் செப்டிக். 'அழுகச் செய்வது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் 1890களின் நடுவில் டொனால்ட் கேமரன் தாம் கட்டிய தொட்டிக்கு இந்தப் பெயரை வைத்தார். சிலர் 'நச்சுத் தொட்டி' என்று எழுதுவது பிழை. அங்கே நடப்பது அழுகல். அதுவும் பாதி வேலைதான்: கசடு அடியில் தங்கி மட்கும், வெளியேறும் நீரில் கிருமி அப்படியே இருக்கும். மீதி வேலை மண்ணுடையது. அதனால்தான் தொட்டி நீரை மண்ணுக்குள் விடும் குழிக்கு வைத்த 'உறிஞ்சு குழி' என்ற பெயரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. குழி எதையும் உறிஞ்சுவதில்லை.

பெர்கொலேட் லத்தீனிலிருந்து வந்த சொல். 'பெர்' என்றால் ஊடாக. 'கோலும்' என்றால் சல்லடை. நம் வீட்டு காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடியை அழுத்தி அடைத்துவிட்டால் டிகாக்ஷன் இறங்காது. கொரகொரப்பான பொடியைத் தளரப் போட்டால் வெந்நீர் ஒரே ஓட்டமாக இறங்கி, கீழே சாயத் தண்ணீர்தான் நிற்கும். நீலகிரியின் சிவந்த களிமண் முதல் வகை. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி நிரவிய மனை இரண்டாம் வகை. அங்கே கழிவுநீர் வடிகட்டப்படாமலே கீழ்வீட்டுக்காரர் குடிக்கும் ஊற்றில் போய்ச் சேரலாம்.

ஊடுருவல் என்பது நீர் மண்ணுக்குள் நுழையும் கணம். 'இன்ஃபில்ட்ரேஷன்' என்பதற்கு அதை விட்டுவிடலாம். கசிவு, தாங்க வேண்டிய பாத்திரம் தாங்காமல் விடுவது. ஊறல் என்றால் கிணறு நினைவுக்கு வரும். மண்ணின் உடம்பு முழுக்க மெல்லப் பரவி நனைத்துக்கொண்டு போவதற்குப் பொசிதல் என்று ஒரு சொல் சும்மா கிடக்கிறது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் 'பொசியுமாம்' என்று மூதுரையில் ஔவையார் சொன்னது இதைத்தானே! ஆகவே என் சிபாரிசு, பொசிவுச் சோதனை.

இந்தச் சோதனைக்கு வடிவம் கொடுத்தவர் ஹென்றி ரயான், 1920களில், நியூயார்க்கில். நம் நாட்டு இந்தியத் தர நிர்ணயத்திலும் இது உண்டு. வடிகால் வரப்போகும் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் சரளை பரப்பி, நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள்தான் அளவு: நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம்? 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பக் கூடாது.

இரவு ஊறவிடும் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் களிமண் வெடித்துக் கிடக்கும். ஊற்றிய நீர் வெடிப்பில் ஓடி மறைந்ததும் 'நல்ல நிலம்' என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. நிறைந்த மண்ணுக்குள் வீட்டு நீரையும் நாள்தோறும் விட்டால், அது கீழிருக்கும் பாறையில் முட்டிப் பக்கவாட்டில் ஓடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி சமவெளியில் சரி. செங்குத்துச் சரிவில் அதை மட்டும் நம்பி நான் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

நண்பரின் நிலத்தில் குழி தோண்டிய மேஸ்திரி, குச்சியில் விரற்கடைக்கு ஓர் ஆணி அடித்து நட்டு வைத்திருந்தார். காலையில் போய்ப் பார்த்தோம். குழியில் பாதிக்கு மேல் கலங்கல் நீர். மேலே ஒரு தேயிலைக் கொழுந்து மிதந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் அடுத்த ஆணி தலைகாட்டவில்லை. படிவத்தில் 'ஊடுருவல் வீதம்' என்ற கட்டத்துக்கு நேரே மேஸ்திரி எழுதினார்: 'மண் குடிக்கவில்லை.'