கார்சினோமா: பயாப்சி தாளில் உள்ள பெயர்களும் அவற்றுக்கான தமிழும்

வேலூரில் மார்பகக் கட்டியின் பயாப்சி முடிவை வாங்கிக்கொண்டு வெளியே வரும் குடும்பத்தின் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘இன்வேசிவ் கார்சினோமா, என்எஸ்டி, கிரேடு 3, இஆர் நெகட்டிவ், ஹெர்2 2+’. குடியாத்தத்துக்கோ ஆரணிக்கோ பஸ் ஏறுவதற்குள் அது ‘மூணாவது ஸ்டேஜாம்’ என்று மாறிவிடுகிறது. அந்த வரியில் ஸ்டேஜைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதில் இருப்பவை நான்கு தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கிரேக்கத்தில் ‘கார்கினோஸ்’ என்றால் நண்டு. மருத்துவச் சொல் ‘ஓமா’ என்று முடிந்தால் அது பெரும்பாலும் ஒரு கட்டி. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் ரத்தக்குழாய்களை நண்டின் கால்களுக்கு ஒப்பிட்டார். லத்தீனில் நண்டுக்குப் பெயர் ‘கான்சர்’. ஆக, கேன்சர், கார்சினோமா இரண்டும் ஒரே நண்டுதான். ஆனால் இன்றைய வழக்கில் இரண்டும் ஒன்றல்ல. கேன்சர் பொதுப்பெயர், கார்சினோமா என்பது தோல், குழாய், சுரப்பி ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் செல்களில் தொடங்குவது மட்டும். தசை, கொழுப்பு, நார் போன்றவற்றில் தொடங்கினால் அது சார்கோமா. மார்பகப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை கார்சினோமாவே.

இந்தியிலும் மராத்தியிலும் நண்டையே எடுத்துக்கொண்டு ‘கர்க ரோகம்’ என்றார்கள். மலையாளம் ‘அர்புதம்’ என்கிறது. தமிழ் கறையானிடம் போயிற்று. புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேடு; தெலுங்கின் ‘புட்ட’, கன்னடத்தின் ‘ஹுத்த’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். வடஆற்காட்டு ஊர்களில் வேப்பமரத்தடிப் புத்துக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே ஒரு மேடு, உள்ளே எத்தனை வழி போகிறதென்று யாருக்கும் தெரியாது. நோயின் இயல்பை நண்டைவிடப் புற்று நன்றாகச் சொல்கிறது என்றே கருதுகிறோம். ஆனால் சொல் ஒன்று என்பதற்காக நோயை நாகதோஷத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். பரிகாரத்துக்குப் போகும் மாதங்கள் கட்டிக்குத்தான் லாபம்.

அடுத்தது ‘இன் சிட்டு’, ‘இன்வேசிவ்’. ‘இன் சிட்டு’ லத்தீன். ‘இருந்த இடத்திலேயே’ என்று பொருள். பால்குழாயின் உட்சுவரில் செல்கள் கெட்டிருக்கின்றன, ஆனால் குழாயைச் சுற்றியுள்ள அடிச்சவ்வைத் தாண்டவில்லை. காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் தளும்புகிறது, கரை உடையவில்லை என்பது போல. ‘குழாய்க்குள் அடங்கிய புற்று’ என்பது இதற்குச் சரியான தமிழ். தாளில் இது டிசிஐஎஸ் என்று இருக்கும். இதன் ஸ்டேஜ் பூஜ்யம். அறுவை உண்டு, பலருக்குக் கதிர்வீச்சு உண்டு, கீமோ தேவைப்படுவதில்லை. கரை உடைந்தால் இன்வேசிவ், அதாவது ‘ஊடுருவிய புற்று’. ‘பரவிய புற்று’ என்று எழுதுவது தவறு. பரவியது என்றால் எலும்புக்கோ கல்லீரலுக்கோ போய்விட்டது என்றுதான் நம் காதில் விழும்.

இங்கே நடக்கும் பிழை ஒன்று, ஊசிச் சோதனையை மட்டும் வைத்து இதை முடிவு செய்வது. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசி சோதனையில் உதிரிச் செல்கள்தான் வரும். செல் கெட்டதா என்று அதில் தெரியும். கரை உடைந்ததா என்று தெரியாது, ஏனென்றால் கரையே ஊசியில் வருவதில்லை. அதற்குத்தான் திசுவை இழையாக வெட்டி எடுக்கும் கோர் பயாப்சி. அதிலும் நாலைந்து இழைகளே வருவதால், அடங்கிய புற்று என்று வந்த முடிவு, முழுக் கட்டியையும் எடுத்துப் பார்த்தபின் ஊடுருவிய புற்று என்று மாறலாம். முதல் முடிவு பொய் என்று இதற்குப் பொருளில்லை.

‘டக்டல்’, ‘லோபுலர்’ என்ற சொற்கள்தான் அதிகம் குழப்புகின்றன. ‘டக்ட்’ என்பதற்கு லத்தீன் வேர் ‘டூசெரே’, வழிநடத்துதல், தமிழில் பால்குழாய். ‘பால்நாளம்’ என்றும் எழுதுகிறார்கள், குழாய் என்றால் எல்லோருக்கும் புரியும். ‘லோப்’ என்பது கிரேக்க ‘லோபோஸ்’, காதின் தொங்குமடல். நாமும் காது மடல் என்கிறோம் அல்லவா? அதனால் ‘பால்மடல்’, சிறியதைக் குறிக்கும் லோபுலுக்கு ‘பால்சிறுமடல்’ என்பது வேரோடு பொருந்துகிறது. ஒரு மார்பகத்தில் 15 முதல் 20 மடல்கள். சிறுமடல்களில் பால் ஊறுகிறது, குழாய் வழியே காம்புக்கு வருகிறது.

பெயரைப் பார்த்து ஒன்று குழாயில் தோன்றியது, மற்றது மடலில் தோன்றியது என்று நினைக்கக் கூடாது. இரண்டுமே குழாயின் கடைசி நுனியும் சிறுமடலும் சேரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. இதனால் உலக சுகாதார நிறுவனம் 2012 வகைப்பாட்டில் ‘டக்டல்’ என்பதை விட்டு, ‘தனிச்சிறப்பு வகை எதுவும் அல்ல’ என்ற பொருளில் என்எஸ்டி என்று மாற்றியது. இதை ‘சிறப்பற்ற வகை’ என்று மொழிபெயர்த்தால் நோயாளி குழம்பிப்போவார். ‘பொதுவகை’ போதும். ஊடுருவிய புற்றுகளில் பத்துக்கு ஏழெட்டு இந்தப் பொதுவகை. பழைய தாளில் டக்டல், புதிய தாளில் என்எஸ்டி என்றிருந்தால் நோய் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

மடல்வகை, அதாவது லோபுலர், நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. இதில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் இ-கேடெரின் என்ற புரதம் பெரும்பாலும் இருக்காது. ஒட்டாத செல்கள் திரண்டு கட்டியாகாமல் எறும்பு வரிசைபோல ஒற்றையாக ஊர்கின்றன. எனவே கையில் உருண்டையாகத் தட்டுப்படாது. தோலுக்கடியில் ஒரு தடிப்பு, மார்பகம் கொஞ்சம் இறுகியது போன்ற உணர்வு, அவ்வளவுதான். மேமோகிராமிலும் தப்பக்கூடும். ‘மேமோவில் ஒன்றுமில்லை’ என்றபின்னும் தடிப்பு இருந்தால் அல்ட்ராசவுண்டுக்கும், தேவையானால் எம்ஆர்ஐக்கும் திரும்பப் போக வேண்டும்.

கிரேடை ‘தரம்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். தமிழில் தரம் என்றால் உயர்வு. கிரேடு சொல்வது, செல்கள் இயல்பான உருவிலிருந்து எவ்வளவு திரிந்துவிட்டன என்பதை. ‘திரிபளவு’ என்ற சொல்லை முன்வைக்கிறோம். குழல் அமைப்பு, செல்கருவின் உருவம், செல்பிளவின் எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3–5 என்றால் கிரேடு 1. 6–7 என்றால் 2. 8–9 என்றால் 3. ஸ்டேஜ் வேறு: கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறிகளுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்பில் இருக்கிறதா என்பது. அதற்குப் ‘பரவல் நிலை’ பொருந்தும். கிரேடு 3 உள்ள பெண் ஸ்டேஜ் 1இல் இருக்கலாம்.

ரிசப்டர் என்பதற்கு ‘ஏற்பி’ அழகான ஆக்கம், ஏற்றுக்கொள்வது ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இஆர், புரொஜெஸ்ட்ரோன் ஏற்பி பிஆர், வளர்ச்சித் தூண்டலுக்கான ஏற்பி ஹெர்2. கொரோனாவுக்குப் பிறகு ‘பாசிட்டிவ்’ என்றாலே கெட்டசேதி என்று பதறுகிறார்கள். இங்கே அது மருந்துக்குப் பிடி கிடைத்தது என்று பொருள். நேர்மறை, எதிர்மறை என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘ஏற்பி உண்டு’, ‘ஏற்பி இல்லை’ என்பதே நல்ல தமிழ். செல்களில் 1% ஏற்பி காட்டினாலே இஆர் உண்டு. 1 முதல் 10% வரை இருந்தால் ‘குறைவாக உண்டு’. உண்டு என்றால் டாமாக்சிஃபென் தினம் 20 மில்லிகிராம், குறைந்தது 5 ஆண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. ட்ரிபிள் நெகட்டிவை ‘மும்மடங்கு எதிர்மறை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ‘மூன்று ஏற்பியும் இல்லாத புற்று’ என்றால் முடிந்தது. அதற்கு ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது, கீமோ செய்யும்.

ஹெர்2 முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ உண்டு. 0, 1+ இரண்டும் இல்லை என்ற கணக்குதான். ஆனால் முற்றிய நோயில் ‘குறைவாக உண்டு’ என்பதற்கும் இப்போது மருந்து இருப்பதால் அந்த வித்தியாசத்தையும் குறித்துவைக்க வேண்டும். 2+ என்பது முடிவே அல்ல. ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை செய்த பிறகுதான் உண்டா இல்லையா என்று தெரியும். 2+ தாளோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஹெர்2க்கான ட்ராஸ்டுசுமாப் மருந்தை இழக்க நேரலாம்.

இந்த ‘இல்லை’ சில நேரம் பாட்டிலின் தவறாக இருக்கும். சிறிய இடங்களில் ‘கொழுப்புக் கட்டி’ என்று எடுத்த கட்டியை ஸ்பிரிட்டிலோ சலைனிலோ போட்டுக் கொடுப்பது நடக்கிறது. ஏற்பிப் புரதம் சிதைந்து, இருந்ததும் இல்லை என்று வந்துவிடும். திசு வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும். திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். எடுத்த நேரமும் போட்ட நேரமும் பாட்டிலின் மேல் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெரும்பாலும் கட்டியே தட்டுப்படாத வகை ஒன்று இருக்கிறது: இன்ஃப்ளமேட்டரி, ‘அழற்சிவகை’. மார்பகம் சிவந்து, வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகும். பால் கொடுக்கும் தாய்க்கு இது பால் கட்டிக்கொண்டதாகவே தோன்றும். ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பயாப்சிதான். வேகமாக வளர்வது, காத்திருக்கக் கூடாது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தாள் மட்டும் போதாது. ஸ்லைடையும், திசு புதைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால் மறுபடி ஊசி குத்தாமலே ஏற்பிச் சோதனையைத் திரும்பச் செய்யலாம். அந்த மெழுகு 60 டிகிரி அளவில் உருகிவிடும். வேலூர்ச் சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டில் அதை வைத்துவிடாதீர்கள். கைப்பையில், நிழலில் இருக்கட்டும்.