ஒரு தரம், ரெண்டு தரம்: இமைப்பொழுதில் முடியும் ஏலம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பயணப் பை ஒன்றை இணையத்தில் தேடினேன். அப்புறம் வேறொரு கடையில் வாங்கியும் விட்டேன். ஆனாலும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே பை வந்து நிற்கிறது. நான் பேசுவதை போன் ஒட்டுக்கேட்கிறதா?"

ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. 'போன் காது வைத்துக் கேட்கிறது' என்பது இந்தக் காலத்து மூடநம்பிக்கையாகவே வளர்ந்துவிட்டது. அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இல்லாத பேயைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், கண்ணெதிரே நடக்கும் காரியத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் குக்கி. ஒரு தளம் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு அது, உங்களுக்கான அடையாள எண் அதில் இருக்கும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி இதை உருவாக்கினார். ஒரு தளத்துக்கு மறுபடி போனால் அது நம்மை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் ஒரு பக்கத்தில் உள்ள விளம்பரத் துண்டு, அந்தத் தளத்திலிருந்து வராமல் விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து நேரே வரலாம். அந்தத் துண்டும் தன் பங்குக்கு ஒரு குக்கியைப் போட்டுவிடும். அதே நிறுவனத்தின் துண்டுகள் ஆயிரக்கணக்கான தளங்களில் இருந்தால், நீங்கள் எங்கே போனாலும் உங்கள் எண் அதற்குத் தெரியும். பையைப் பார்த்த எண்ணும் இப்போது செய்தி படிக்கும் எண்ணும் ஒன்றே. இது பலருக்கும் தெரிந்த கதைதான்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிரவுசரில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியை வைத்துக்கொண்டு ஒரு செய்திப் பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். நான் அடிக்கடி பார்ப்பேன். கட்டுரையின் முதல் வரி தெரிவதற்குள் வரிசை வரிசையாகக் கோரிக்கைகள் ஓடும். அவற்றில் சில ஏல அழைப்புகள். 'இந்த எண் உள்ள ஆள், இன்ன பக்கத்தில், இந்த வகைக் கருவியில், ஏறத்தாழ இந்த இடத்தில் இருக்கிறார். இவர் கண்முன் ஒரு இடம் காலியாக இருக்கிறது. யார் எவ்வளவு தருவீர்கள்?' பதில் சொல்ல ஏறத்தாழ 100 மில்லி விநாடிதான் அவகாசம். கேட்பவர்கள் எல்லாம் கணினிகள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பைக் கடைக்காரரின் கணினி உங்களை அடையாளம் கண்டு கூடுதலாகக் கேட்டது, ஜெயித்தது.

சரி, ஏலத்தில் ஜெயித்தவர் எவ்வளவு கொடுக்க வேண்டும்? தான் கேட்ட தொகையைத்தானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 1998-இல் தொடங்கிய கோடூ என்ற தேடுதளம் அப்படித்தான் விளம்பர இடங்களை விற்றது. இரண்டு விளம்பரதாரர்கள் ஒரே சொல்லுக்கு மோதுவார்கள். ஒருவர் 40 என்றால் மற்றவர் 41, உடனே இவர் 42. ஒரு கட்டத்தில் ஒருவருக்குக் கட்டுப்படியாகாமல் போகும். அவர் சட்டென்று அடிமட்டத்துக்கு இறங்கி இரண்டாம் இடத்தை எடுத்துக்கொள்வார். முதலாமவர் மட்டும் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அவரும் இறங்கி, இவருக்கு ஒரு படி மேலே நிற்பார். மறுபடி ஏறுமுகம். விலையை வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்கள் போல இருக்கும்.

இதற்கு மருந்து 1961-லேயே எழுதப்பட்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி ஒரு விதியை ஆராய்ந்தார்: எல்லோரும் தங்கள் விலையை உறையில் போட்டுத் தரட்டும். அதிகம் கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கொடுக்க வேண்டியது, இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலை.

முதல் பார்வைக்கு விற்பவருக்கு நஷ்டம் போலத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பொருள் உங்களுக்கு 100 பெறும் என்று வைத்துக்கொள்வோம். சாமர்த்தியமாக 90 என்று எழுதுகிறீர்கள். அடுத்தவர் 80 என்றால், 100 எழுதியிருந்தாலும் 80தான் கொடுத்திருப்பீர்கள். குறைத்து எழுதியதில் ஒரு காசும் மிச்சமில்லை. அடுத்தவர் 95 என்றால் பொருள் கைவிட்டுப் போகும். உண்மையை எழுதியிருந்தால் 95-க்குக் கிடைத்திருக்கும், 5 லாபம். சரி, 110 என்று கூட்டி எழுதினால்? அடுத்தவர் 105 என்றால் பொருள் உங்களுக்கு, கூடவே 5 நஷ்டம். எப்படிச் சுற்றி வந்தாலும் மனதில் இருக்கும் விலையை அப்படியே எழுதுவதைவிட நல்ல வழி இல்லை. எதிராளியின் மனதைப் படிக்க வேண்டாம், ஒற்று வேலை வேண்டாம். பொய் சொல்லாதே என்று யாரும் அதட்டவும் வேண்டாம். விதியே பொய்யை வீணாக்கிவிடுகிறது. வாய்விட்டுக் கூவும் ஏலத்திலும் இதுதான் நடக்கிறது. கடைசி எதிராளி எந்த விலையில் வாய் மூடுகிறாரோ, அதற்குச் சற்று மேலேதான் பொருள் முடியும். கூச்சலே இல்லாமல் அதே முடிவைக் கொண்டுவந்தார் விக்ரி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

2002-இல் கூகுள் தன் தேடல் விளம்பரங்களுக்கு இதன் உறவுமுறை விதி ஒன்றைக் கொண்டுவந்தது. கேட்ட விலையோடு, மக்கள் அதைச் சொடுக்கும் வாய்ப்பையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. பிறகு வந்த இணைய விளம்பரச் சந்தைகள் பலவும் இரண்டாம் விலையில்தான் ஓடின. 1961-க்கும் 2002-க்கும் நடுவே 41 ஆண்டு. 'இந்தக் கணக்கால் என்ன பிரயோசனம்?' என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள் இந்த இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும். விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது உறையில் என்ன இருந்தது என்று ஏலம் விடுபவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு எந்தப் பக்கமும் சாய்வு இருக்கக் கூடாது. கூகுள் 2008-இல் டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அதன் பிறகு, இடத்தை விற்கும் தளங்களின் கருவி, விளம்பரதாரர்கள் வாங்கும் கருவி, நடுவில் ஏலச் சந்தை மூன்றும் ஒரே கையில் சேர்ந்தன. சந்தைக்கான கமிஷன் ஏறத்தாழ 20 சதவீதம். ஒரு பெரிய வங்கியே பங்குச் சந்தையையும் வைத்திருப்பது போல என்று கூகுள் ஊழியர் ஒருவரே உள்ளுக்குள் எழுதியது அமெரிக்க அரசின் வழக்கு மனுவில் இடம்பெற்றது. அந்த வழக்கில் 2025 ஏப்ரலில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விற்கும் கருவியிலும் ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருந்ததாகத் தீர்ப்பளித்தார். விளம்பரதாரர் பக்கத்துக் குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை.

இதற்கிடையே 2019-இல் கூகுளின் ஏலச் சந்தை கேட்ட விலையையே கொடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. வேறு சந்தைகள் அதற்கு முன்பே மாறியிருந்தன. எதிராளி என்ன கேட்பார் என்று ஊகிக்கும் வேலை மறுபடி வந்துவிட்டது. யாரிடம் பழைய ஏலங்களின் தரவு குவிந்திருக்கிறதோ, அவருடைய ஊகமே பலிக்கும்.

எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதில் இன்னொரு அடி விழுந்தது. முன்பு விளம்பரதாரர் நல்ல பத்திரிகையைத் தேடி வந்தார், ஏனென்றால் நல்ல வாசகர் அங்கேதான் இருந்தார். இப்போது விலை வாசகரின் எண்ணுக்கு. மாதக்கணக்கில் உழைத்து எழுதிய புலனாய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே வாசகர் ஒரு குப்பைத் தளத்துக்குப் போனால், அங்கே அவர் மலிவாகக் கிடைக்கிறார். உழைத்தவர் அவரை அழைத்து வந்தார். காசை வாங்குபவர் வேறு ஒருவர்.

அந்தப் பைக்கு வருவோம். பார்த்த கடையின் குக்கிக்கு நீங்கள் பார்த்தது தெரியும். வேறு கடையில் வாங்கியது தெரியாது. அந்தக் கடைக்காரர் வைத்த கெடு முடியும்வரை அவருடைய கணினி உங்களுக்காக ஏலம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் இப்படிப்பட்ட வெளியாள் குக்கிகளைத் தாமாகவே தடுக்கின்றன. குரோமில் நீங்கள்தான் அமைப்புகளுக்குள் போய்த் தடுக்க வேண்டும்.