துறைமுக முத்திரையை நம்பி சூரை வாங்காதீர்கள்

“துறைமுகத்திலேயே பார்த்துதான் அனுப்பியிருக்காங்க சார், அப்புறம் நாம எதுக்குப் பார்க்கணும்?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடலூர் முதுநகரிலும் புதுச்சேரியிலும் மீன் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனங்களுக்கு ஆவணங்கள் தயார் செய்து கொடுப்பது என் தொழில். நம் விசைப்படகு மீனை மட்டும் அனுப்பியவர்கள் சிலர், இப்போது வெளிநாட்டிலிருந்து உறைந்த சூரையை (டூனா மீனை) இறக்கி, வெட்டிப் பதப்படுத்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

அண்மையில் ஒருவர் கொண்டு வந்த கோப்பில் ரீஃபர் கப்பலின் (மீனைக் குளிரூட்டி ஏற்றிச் செல்லும் சரக்குக் கப்பலின்) பெயர் இருந்தது, பி.எல். என்னும் சரக்கு ஏற்றுச் சீட்டு இருந்தது, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தின் முத்திரையும் அழகாக இருந்தது. மீனைப் பிடித்த கப்பல் எது? அது மட்டும் எங்கேயும் இல்லை. சரக்கு கிடங்கில் கிடக்கிறது, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மீன் மாறிவிட்டால், அது அந்தத் துறைமுக நாட்டு மீனாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. கொழும்பில் மாற்றினாலும், மொரிஷியஸின் போர்ட் லூயியில் மாற்றினாலும், தைவான் கொடி பறக்கும் கப்பல் பிடித்த மீன் தைவான் கப்பலின் மீன்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2008 ஒழுங்குமுறை 2010 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கேட்ச் சர்டிபிகேட்டை, அதாவது மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்ற சான்றை, உறுதிசெய்ய வேண்டியது மீனைப் பிடித்த கப்பலின் கொடி நாடு, அதாவது அந்தக் கப்பல் பதிவாகியிருக்கும் நாடு. துறைமுகம் அல்ல, ரீஃபர் கம்பெனி அல்ல, உங்களுக்கு விற்ற ஏஜென்ட் நிச்சயமாக அல்ல. துறைமுகத்துக்கு அந்தச் சான்றில் ஒரு கட்டம் உண்டு: இங்கே மாற்ற அனுமதித்தோம் என்று கையெழுத்துப் போடுவதற்கு. அவ்வளவுதான். ஐந்து கப்பல்களின் மீன் ஒரே ரீஃபரில் ஏறியிருந்தால் ஐந்துக்கும் கணக்கு வேண்டும். “எம்பெடாவிலேயே ஒண்ணு வாங்கித் தந்துடுங்க சார்” என்றார் அந்தக் கோப்பைக் கொண்டு வந்தவர். எம்பெடா, நம் அரசின் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், நம் படகுகளின் மீனுக்குச் சான்று கொடுக்கும். எங்கோ எவனோ பிடித்ததற்கு எப்படிக் கொடுக்கும்?

சரி, அப்படியானால் துறைமுகத்துக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கடலில் துரத்திப் பிடிப்பதைவிட, டீசலுக்கும் தண்ணீருக்கும் கரைக்கு வரும்போது மடக்குவது எளிது, செலவும் குறைவு. இதற்காகவே ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2009-இல் துறைமுக நாடுகளுக்கான ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தது. 2016 ஜூன் 5-இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அதில் உண்டு. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் அறிவிக்கப்பட்ட துறைமுகத்துக்கு மட்டும்தான் வரலாம், அதுவும் முன்கூட்டியே அனுமதி கேட்டு. திருட்டு மீன்பிடிப்புக்குச் சான்று இருந்தால் உள்ளேயே விடக் கூடாது. உள்ளே வந்த பிறகு தெரிந்தால், மீனை இறக்கவோ மாற்றவோ முடியாது, டீசல் கிடையாது, பழுதுபார்ப்பும் கிடையாது. புயலிலோ ஆபத்திலோ சிக்கி வந்தால் உயிரைக் காப்பாற்றும் உதவி உண்டு, வியாபாரம் இல்லை. நம் நாடும் உறுப்பினராக இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இதே போன்ற துறைமுக விதிகளை வைத்திருக்கிறது. பெரிய தூண்டில் கப்பல்களுக்கு, பார்வையாளர் கண்காணிப்பில் மட்டும், நடுக்கடலில் மாற்ற விலக்கு உண்டு. மற்றவர்கள் பொதுவாகத் துறைமுகத்தில்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் விதி இருப்பதாலேயே எல்லாக் கப்பலையும் ஏறிப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வருவதில் ஒரு பங்கைத்தான் சோதிப்பார்கள். முத்திரை இருந்தாலும் சோதனை அறிக்கையைக் கேளுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

நம் சட்டமும் இதில் சும்மா இல்லை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கான 1981-ஆம் ஆண்டு சட்டத்தில், மீனை மாற்றுவதும், வாங்கி ஏற்றுவதும், கொண்டு செல்வதும்கூட மீன்பிடிப்புக் கணக்கில்தான் வரும். “நாங்க வலையே போடலை, கைமாத்திக்கிட்டோம்” என்ற சமாதானம் செல்லாது.

ஒரு நாடு கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தன் கொடியில் போகும் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று இலங்கைக்கு 2014-இல் ஐரோப்பா சிவப்பு அட்டை காட்டியது, அதாவது இறக்குமதித் தடைக்கு வழி செய்தது. 2015 தொடக்கத்திலிருந்து 2016 நடுப்பகுதி வரை அவர்களின் கடல் மீன் அங்கே போகவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்தவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பிடித்த கப்பல் ஒவ்வொன்றின் பெயர், கொடி, ஐஎம்ஓ எண் (கப்பலின் சர்வதேச அடையாள எண்) மூன்றையும் கேளுங்கள். பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்த ஏழு இலக்க எண் மாறாது. அந்த எண்ணைச் சூரை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற கப்பல்களின் பதிவேடும், திருட்டு மீன்பிடிப்புக் கப்பல்களின் பட்டியலும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை, ஐயா. மீனை ஏற்றிக்கொண்ட ரீஃபரின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாற்றிய தேதியையும் எடையையும் பி.எல்.லோடு ஒப்பிடுங்கள். பிடித்ததைவிட ஏற்றியது அதிகமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். “சர்டிபிகேட் பின்னாடி வரும்” என்று சொல்லும் ஏஜென்டிடம், பணமும் பின்னாடிதான் வரும் என்று சொல்லுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கோப்பை என்னிடமோ, விவரம் தெரிந்த வேறு யாரிடமோ காட்டுங்கள். கட்டிய பிறகு வந்தால் நான் ஏஜென்டுக்குக் கடிதம் எழுதித் தரலாம். அவர்கள் பெரும்பாலும் பதில் போடுவதில்லை.