போர்க்காய ஓய்வூதியம்: மனு எழுதும் முன் எடுக்க வேண்டிய தாள்கள்

1987-90-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் 1999-இல் கார்கிலிலும் அடிபட்டுத் திரும்பியவர்களில், சாதாரண டிஸெபிலிட்டி பென்ஷனோடு (ஊன ஓய்வூதியம்) நின்றுவிட்டவர்கள் உண்டு. காயம் ஒன்றுதான், அன்றைக்குப் பதிவான வார்த்தைதான் வேறு. 'பேட்டில் கேஷுவல்டி' (போரில் அடிபட்டவர்) என்றிருந்தால் போர்க்காய ஓய்வூதியம் கேட்கலாம். 'பிசிக்கல் கேஷுவல்டி' (போர் அல்லாத வகையில் அடிபட்டவர்) என்றிருந்தால் சாதாரணக் கணக்குதான். வித்தியாசம் சில்லறை அல்ல. நூறு சதவீத ஊனத்துக்குச் சாதாரணக் கணக்கில் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயம் என்றால், பணியில் தொடர்ந்து பிறகு ஓய்வு பெற்றவருக்கு 60 சதவீதம். காயத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவருக்கு முழுச் சம்பள அளவு. சர்வீஸ் பென்ஷன் இதற்கு மேல். எல்லையோரக் கண்ணிவெடி வயலில், அது நம் படையே புதைத்ததாக இருந்தாலும், அடிபட்டவர் போர்க்காயப் பிரிவில்தான் வருவார். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே மனுவை ஒத்திவைத்துவிட்டு, முதலில் தாள்களைக் கேளுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு உங்கள் படைப்பிரிவின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினால் போதும். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணியிலிருந்து விடுவிக்கும்போது நடக்கும் மருத்துவக் குழுச் சோதனை) அறிக்கை, காய அறிக்கை, பார்ட் டூ ஆர்டர் (காயம் போன்றவற்றைப் பதியும் பிரிவு உத்தரவு), விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, ரீ-சர்வே போர்டு (ஊனத்தைப் பின்னர் மறுபடி மதிப்பிடும் மருத்துவக் குழு) தாள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'என் மருத்துவ ஆவணங்கள் எல்லாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் கோப்பை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள் என்பதால், டிஸ்சார்ஜ் புக்கின் (பணி விடுவிப்புப் புத்தகம்) அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

போர்டு அறிக்கையில் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, 'பணியால் வந்ததா, பணியால் மோசமானதா' என்ற கட்டங்களும் அவற்றின் பக்கத்தில் எழுதிய காரணமும். இரண்டிலும் 'இல்லை' போட்டு, காரணத்தை ஒரே வரியில் முடித்திருந்தால் அதுவே உங்கள் பிடி. சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் வீரர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். மறுப்பதற்குப் போர்டு காரணம் எழுத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் லீவில் ஊரில் பைக்கிலிருந்து விழுந்த காயத்துக்கு இது தானாகக் கைகொடுக்காது. பணியோடு தொடர்பு காட்டியாக வேண்டும்.

ஏற்கெனவே பென்ஷன் வாங்குபவர்கள் பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணை) ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 20 முதல் 49 சதவீதம் வரை உள்ள ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கிடப்பட வேண்டும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-இல் முடிவானது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதன் பின் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கெடு தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடலாம். வழக்கு ஜெயித்தாலும் தாமதமாகப் போனவருக்கு நிலுவை பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் (தர்சேம் சிங் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008). இருபது வருட நிலுவை வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் பேசும் ஏஜென்டிடம் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.