"அண்ணன் மாஸ்" என்று எழுதியவர்கள் ஜாமீன் போட வருவதில்லை

போலீஸ் மேல் கை வைத்த கேஸ் ஒன்றை முடித்து, அதன் காகிதக் கட்டை ஓரமாக வைப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இந்த முறை இருபத்துமூன்று வயதுப் பையன். வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கே மறந்துபோயிருக்கும். வாய்த்தகராறு முற்றி, ஏட்டையாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒரு அறை. பின்சீட்டில் இருந்த நண்பன் அதை வீடியோ எடுத்தான். எடுத்ததோடு விட்டானா? பாட்டுப் போட்டு ரீல்ஸில் ஏற்றினான். "அண்ணன் மாஸ்", "இவனுங்களுக்கு இப்படித்தான் குடுக்கணும்" என்று கீழே வரிசையாகக் கமெண்ட். மறுநாள் விடிவதற்குள் பையனைத் தூக்கிவிட்டார்கள். அரசுத் தரப்பு சாட்சி தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை.

கமெண்ட் போட்டவர்களில் ஒருவர்கூட ஜாமீன் போட வரவில்லை. அவன் அம்மா ஆதார் நகலையும் வீட்டுவரி ரசீதையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தாய்மாமனே "போலீஸை அடிச்ச கேஸுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா" என்று ஒதுங்கிவிட்டார். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்காததால் பையன் கிளைச் சிறையிலேயே கிடந்தான். வெளியே வந்தபின் நிபந்தனை: தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. எந்த ஸ்டேஷன்? அந்த ஏட்டையா வேலை பார்க்கும் அதே ஸ்டேஷன்தான்.

நான் குற்றவியல் வழக்கறிஞன். போலீஸுக்கு வக்காலத்து வாங்குவது என் தொழிலே இல்லை. பெரும்பாலான நாள் அவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் எனக்குச் சோறு. எங்கள் கூட்டமும் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்ததை மறக்காமல் சொல்லும் நாங்கள், அதே வளாகத்தில் இருந்த காவல் நிலையம் அன்றைக்கு எரிந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் வழக்கைக் கொண்டுவரும் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். "சார், அவர்தான் முதல்ல கை வச்சார். நான் திருப்பிக் குடுத்தேன். அது தற்காப்புதானே?" இதை யார் ஊருக்குள் பரப்பினார்களோ, அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 99) அதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. பொது ஊழியர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு ஒன்றைச் செய்தால், அது சட்டப்படி முழுக்கச் சரியில்லாததாக இருந்தாலும், அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. உயிர் போய்விடும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் மட்டும் விலக்கு. எதிரே நிற்பவர் போலீஸ் என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை என்றாலும் விலக்கு உண்டு. மப்டியில் வந்தவர் விஷயத்தில் அதை வாதாடலாம். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நடுரோட்டில் பேரிகார்டு போட்டு நிற்பவரிடம் அதுவும் எடுபடாது.

இன்னும் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்த பையன்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். வண்டிச் சாவியைப் பிடுங்கினாரா? தப்பு. கெட்ட வார்த்தை சொன்னாரா? தப்பு. ரசீது இல்லாமல் காசு கேட்டாரா? பெரிய தப்பு. இவை எல்லாவற்றுக்கும் புகார் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் அவரை அறைய உங்களுக்கு உரிமை தருவதில்லை. "அவர் செய்தது சட்டவிரோதம்" என்பதும் "அதனால் நான் அடித்தது சட்டபூர்வம்" என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். முதலாவதை நான் நிரூபித்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று என்னிடம் வாதிடாதீர்கள். அவர் உங்களுக்கு வக்காலத்து தாக்கல் செய்யப் போவதில்லை.

பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணியில் இருக்கும் பொது ஊழியரைத் தடுக்கக் கை ஓங்கினாலோ பிடித்துத் தள்ளினாலோ புதிய சட்டத்தின் 132ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. சிறு காயமானால் 121(1), ஐந்து ஆண்டு வரை. பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டாக இருந்தது. கொடுங்காயமானால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்து. வண்டியை மேலே ஏற்றப் பார்த்தால் கொலை முயற்சி. 132லும் 121லும் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. அப்புறம், "மன்னிப்புக் கேட்டா விட்ருவாங்களா சார்?" என்ற கேள்வி. ஏட்டையா மனமிரங்கினாலும் இது ராஜியாகிற வழக்கு இல்லை. விடுதலையானாலும் முடிவதில்லை. காவலர் தேர்வு எழுதிய பையன் ஒருவன் சந்தேகத்தின் பலனில் விடுதலை வாங்கிய தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டும் வேலை கிடைக்காமல் நிற்கிறான்.

கமெண்ட் போடுகிறவர்களோடும் கொஞ்சம் பேச வேண்டும்.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் அடித்தே கொன்றார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் செத்தார். இதைப் பார்த்தும் கோபம் வராதவன் மனிதனா? ஆனால் அந்த இரண்டு வழக்கையும் நகர்த்தியது எது என்று பாருங்கள். சாத்தான்குளத்தில் உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குள்ளேயே போய் உட்கார்ந்து விசாரித்தார். அந்த ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைப் பயத்தோடுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அவரும் போலீஸ்தான். மடப்புரத்தில் ஒருவர் கழிப்பறை ஜன்னல் வழியாக மறைந்திருந்து போனில் எடுத்த சிறு வீடியோ போதுமானதாக இருந்தது. அதில் பாட்டும் இல்லை, பஞ்ச் டயலாக்கும் இல்லை.

சாத்தான்குளம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அதே தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு அருகே ரவுடி ஒருவரைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். சாத்தான்குளம் ஸ்டேஷன் செய்ததற்கு அந்த இளைஞர் எப்படிப் பொறுப்பு? "கர்மா" என்று எழுதுகிறவர்களிடம் இதைக் கேட்டால் பதில் வருவதில்லை. அடுத்த ஆண்டு ஜனவரி கடைசி இரவில் அந்த மாவட்டத்தின் ஏரலில் உதவி ஆய்வாளர் பாலு மீது சரக்கு வாகனத்தை ஏற்றிக் கொன்றார் ஒருவர். குடித்திருந்தவரை அவர் கண்டித்ததுதான் காரணம்.

இதற்கு நேரெதிர்க் கூட்டமும் இருக்கிறது. போலீஸ்காரர் கொல்லப்பட்ட செய்தி வந்த பத்தாவது நிமிடம் "என்கவுண்டர் பண்ணுங்க, கோர்ட்டெல்லாம் வேஸ்ட்" என்று ஆரம்பிப்பார்கள். அடித்தவனுக்குக் கைதட்டுகிறவர்களைவிட இவர்களோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சிரமம். துக்கத்தில் பேசுகிறார்கள் என்பதால் சட்டென்று கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை.

2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் பறந்தவர்களைத் தன் பைக்கில் துரத்திப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போய் மடக்கினார். அங்கே வெட்டிக் கொன்றார்கள். "ஒரு ஆட்டுக்காகவா உயிரை விட்டார்" என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஆட்டைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். வேறு சிலர், வழக்கம்போல, சுடச் சொன்னார்கள். பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு வயது 19. கூட இருந்தவர்கள் சிறார்கள், அதில் ஒருவன் பத்து வயதுப் பையன் என்று செய்தி வந்தது. சுடச் சொன்னவர்கள் யாரைச் சுடச் சொன்னோம் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள்.

களியக்காவிளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரி 8 இரவு சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரையும் உடுப்பியில் உயிரோடு பிடித்தார்கள். உயிரோடு பிடித்ததால்தான் எர்ணாகுளம் பஸ் நிலையம் பக்கம் சாக்கடையில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்தது. பின்னால் யார் யார் என்ற விசாரணை தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. செத்தவன் எந்தச் சாக்கடையையும் கை காட்ட மாட்டான். 2025 ஆகஸ்டில் குடிமங்கலத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல், ஒரு குடும்பச் சண்டையை விலக்கப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஓரிரு நாளில் தேடப்பட்டவர்களில் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். "கணக்கு முடிஞ்சுது" என்று பலர் நிம்மதிப்பட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு என்ன முடிந்தது? அன்றிரவு அங்கே என்ன நடந்தது என்று கூண்டில் வைத்துக் கேட்க வேண்டிய ஆள்களில் ஒருவர் குறைந்துபோனார், அவ்வளவுதான். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால் தனி விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது போலீஸுக்கு எதிராக அல்ல. அப்படி ஒரு கேள்வி கேட்கப்படாத ஊரில் இன்றைக்கு ரவுடி, நாளைக்கு மடப்புரம்.

கைதட்டாமல், கத்தாமல், சும்மா நிற்கும் மூன்றாவது கூட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2010 ஜனவரியில் திருநெல்வேலி மாவட்டத்தில் உதவி ஆய்வாளர் வெற்றிவேலை வெட்டிப் போட்டிருந்தார்கள். ரத்தத்தில் கிடந்தவர் கையை ஊன்றி எழ முயன்று விழுந்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அந்த வழியாக வந்த அமைச்சர்களின் கார் வரிசையே அங்கே நின்றது. உடனே தூக்கத்தான் கை வரவில்லை. "போலீஸ் கேஸ், தொட்டா மாட்டிக்குவோம்" என்ற பயம் நம் ஊரில் போலீஸுக்கே போலீஸாகிவிட்டது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். காயம்பட்டவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டதற்காக உங்களைக் குற்றவாளியாக்கும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. எந்த மருத்துவமனையும் போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 108க்கு அடியுங்கள். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். போனைப் பிறகு எடுக்கலாம்.

சரி, போலீஸ் உங்களிடம் தப்பாக நடந்தால் என்ன செய்வது? முதலில், கையைக் கீழே வையுங்கள். நீங்கள் ஒரு அடி கொடுத்துவிட்டால் அவர் நேராக அரசு மருத்துவமனைக்குப் போவார். ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், "தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக" என்று ஒரு வரி ஏறும். அதன்பிறகு நீங்கள் எத்தனை காயத்தைக் காட்டினாலும் "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது நீங்கள்) தப்பி ஓடும்போது கீழே விழுந்தது" என்றுதான் வழக்கு நாட்குறிப்பில் இருக்கும். உங்கள் கையில் இருந்த நல்ல கேஸை நீங்களே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

பெயர்ப்பட்டையைப் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடி வாங்கியிருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி உங்கள் ஏ.ஆர். காப்பியை வாங்குங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் இருக்கிறது. கைதாகியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அவர் "அடித்தார்களா?" என்று கேட்பார். அங்கே தலையைக் குனிந்துகொண்டு "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு, சிறை வாசலில் என்னிடம் வந்து அழுதால் நான் என்ன செய்ய? ஸ்டேஷனுக்குள் நடந்தது என்றால் கேமரா பதிவைக் கேட்டு உடனே மனுப் போட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி, பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த நேரம் பார்த்துக் கேமரா பழுதாகியிருக்கும் என்பது எங்களுக்குப் பழகிப்போன பதில்தான். இருந்தாலும் மனு போடுங்கள், பழுது என்று எழுத்தில் சொல்லட்டும்.

வீடியோ எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். பொது இடத்தில் நடப்பதைத் தள்ளி நின்று, வேலைக்குக் குறுக்கே போகாமல் எடுப்பது குற்றமில்லை. எடுங்கள். ஆனால் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு அனுப்பியதைச் சாட்சியம் என்று கொண்டுவராதீர்கள். வாட்ஸ்ஆப்பில் பத்துக் கை மாறி வந்ததும் வேண்டாம். எடுத்த ஆள் யார், எந்தப் போன் என்று சான்றிதழ் கொடுத்தால்தான் கோர்ட் அதைத் தொடும். ஒரிஜினல் அந்தப் போனிலேயே இருக்கட்டும். போனை ரீசெட் செய்யாமல், விற்காமல், எடுத்தவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.